துப்பாக்கியா, போதையா, பண்பாடா? வன்முறை பற்றி வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் நான். சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் என்று கல்லூரியிலிருந்தோ ஊராட்சியிலிருந்தோ கூப்பிட்டால் போய்ப் பேசுவதுண்டு. அணைக்கட்டில் கேட்கிற கேள்வியைத்தான் ஆம்பூரிலும் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வட ஆற்காடு முழுவதையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன; ஆனால் முன்விரோதங்கள் மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை.

அமெரிக்காவைப் போல இங்கே துப்பாக்கிச் சூடுகள் நடப்பதில்லையே, நாம் சாந்தமானவர்கள் என்பதாலா?

அப்படி நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் நீதிமன்றத்துக்கு வந்து பார்க்கலாம். 2022இல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் 9,962 வழக்குகளுக்குக் காரணம் 'தகராறு' என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எழுதியிருக்கிறது. வரப்புத் தகராறு, வழிப்பாதைத் தகராறு, திருப்பித் தராத கைமாற்று, டீக்கடை வாசலில் முறைத்துப் பார்த்தது. ஆதாயத்துக்காக நடக்கும் கொலைகள் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கோபத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

வேறுபாடு கைக்கு எட்டும் பொருளில் இருக்கிறது. 2017 மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள். இந்தியாவில் உரிமம் இல்லாதவற்றையும் சேர்த்தே ஐந்து. அங்கே 2021இல் நடந்த கொலைகளில் பத்தில் எட்டு துப்பாக்கியால் நடந்தவை. கொலை விகிதமும் லட்சம் பேருக்கு ஆறு, ஏழு என்ற அளவில் இருந்தது. நம்முடையது இரண்டைச் சற்றே தாண்டுகிறது.

கத்தி எடுத்தவன் பக்கத்தில் வந்தாக வேண்டும். எதிராளி ஓடலாம், நடுவில் யாராவது கையைப் பிடிக்கலாம், முதல் வெட்டில் ரத்தத்தைப் பார்த்துக் குத்தியவனே பயந்துபோகலாம். வெட்டுப்பட்டவரை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ கொண்டுபோக நேரம் கிடைக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குப் பிரிவு 103, கொலை முயற்சிக்குப் பிரிவு 109. நான் நடத்திய பல வழக்குகள் 109இல் நின்றன. வெட்டியவன் நல்லவன் என்பதால் அல்ல, அவன் கையில் இருந்தது சூரிக்கத்தி என்பதால்.

துப்பாக்கி கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான் என்கிறார்களே?

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பேசுகிறவர்களின் முழக்கம் அது. நம் கல்லூரி மாணவர்களும் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் நூறு பேருக்கு 28 துப்பாக்கிகள் இருக்கின்றன, கொலை மிகக் குறைவு. ஆயுதத்தை எண்ணினால் மட்டும் வன்முறையின் அளவு தெரிந்துவிடாது.

ஆனால் அந்த முழக்கம் ஒன்றை மறைக்கிறது. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கும் மேல் தற்கொலை. பிறரைக் கொல்வதைவிடத் தன்னைக் கொல்லத்தான் அந்தப் பொருள் அங்கே அதிகம் பயன்பட்டது.

இதைச் சொன்னதும் 'அது அவர்கள் பிரச்சினை' என்று வகுப்பில் ஒரு சோம்பல் பரவும். அப்போது நான் கணியம்பாடியைச் சொல்வேன். வேலூரிலிருந்து ஆரணி சாலையில் இருக்கிற நம் ஒன்றியம்தான். 1992 முதல் 2001 வரை அங்கே 10 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணங்களை சி.எம்.சி. மருத்துவர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். ஆய்வு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தற்கொலை விகிதம் பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண்பிள்ளைகளில் 58. உலகமே அதிர்ந்த எண் அது. துப்பாக்கி இல்லாத, சாந்தமானது என்று நாம் சொல்லிக்கொள்ளும் கிராமங்களில் வன்முறை உள்ளே திரும்பியிருந்தது. ஊர்ப் பேச்சில் இது வன்முறைக் கணக்கிலேயே சேர்வதில்லை. 'வயிற்றுவலி தாங்காமல்' என்று எழுதி முடித்துவிடுவோம்.

கைக்கு எட்டும் பொருளை அகற்றினால் பயன் உண்டா என்றால், இலங்கை பதில் சொல்லியிருக்கிறது. அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1990களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. இடையில் போர் நடந்தது, ஆழிப்பேரலை வந்தது, மக்களின் துயரம் குறையவில்லை. விளைச்சலும் விழவில்லை.

நம் மாவட்டங்களில் துப்பாக்கியே இல்லையா?

இருக்கிறது. ஜவ்வாது மலை, அல்லேரி, பீஞ்சமந்தை பக்கங்களில் நாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் பிடிபடுகின்றன. குழல் வாயில் மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடுகிற பழைய வகை. பன்றி வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் வைத்திருப்பவைதான் பெரும்பாலும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், படைக்கலச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. 'காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தின்றுவிடுகிறதே ஐயா' என்று கேட்பவரிடம் சட்டப்பிரிவைச் சொல்ல எனக்கே தயக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுவேன். இதே காரணத்துக்காக வைக்கும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வெடிபொருள் வழக்குதான். அதைக் கடித்து வாய் சிதறுவது பன்றி மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பசுமாடும்தான்.

துப்பாக்கி என்றதும் மலைமக்கள் கையில் இருக்கும் பழைய குழலை மட்டும் பேசுவது நியாயமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேர் அந்த மாநிலச் சிறப்புக் காவல் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலையில் வேலை இல்லாததும், மரத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் விலையும், இடைத்தரகர் கொடுத்த முன்பணமும் சேர்ந்து அவர்களை அங்கே கொண்டுபோயின. முன்பணம் கொடுத்தவர்கள் காட்டுக்குள் போகவில்லை. வன்முறைக்கும் ஆயுதத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது யார் கையில் இருந்த ஆயுதம் என்றும் கேட்க வேண்டும்.

அரிவாள் வைத்திருப்பது குற்றமா? பட்டாக்கத்தியால் கேக் வெட்டினால்?

படைக்கலச் சட்டத்தின் விதிகள்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத வகையில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை விதிவிலக்கு. ஆகவே கரும்பு வெட்டப் போகிறவரின் கொடுவாளை யாரும் பறிக்க முடியாது. அதே கொடுவாளை இரவு பதினொன்றுக்குச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காட்பாடி மேம்பாலத்தில் நின்றால், கரும்பு எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கேக் வெட்டிய தம்பிகளுக்காக ஜாமீன் மனு போட்டிருக்கிறேன். காவல்துறைக்குச் சாட்சி தேடும் வேலையே இருப்பதில்லை. இவர்களே வீடியோ எடுத்துப் பாட்டுச் சேர்த்து வெளியிட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போதுதான் அந்தக் கேக்கின் விலை தெரியும்.

கஞ்சா அடித்தால் கொலைவெறி வருமா?

இந்தக் கேள்வி நூறாண்டுக்கும் பழையது. 1893இல் வெள்ளை அரசு இந்தியக் கஞ்சா ஆணையம் ஒன்றை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்த ஆணையம், கஞ்சாவுக்கும் சாதாரணக் குற்றங்களுக்கும் உள்ள தொடர்பு மிக மிகச் சிறியது என்று எழுதியது. மனநலக் காப்பகப் பதிவேடுகளில் 'கஞ்சாவால் பைத்தியம்' என்று எழுதப்பட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் துருவியபோது, பலவற்றில் யாரோ ஒரு காவலர் ஊகித்து எழுதியதுதான் ஆதாரம் என்று தெரிந்தது. இன்றைய குற்ற அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பதிவேடுகள் நினைவுக்கு வருவதுண்டு. அதற்காகக் கஞ்சா தீங்கற்றது என்று சொல்லவில்லை. இளவயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவம் உறுதி செய்த செய்தி.

போதைக்கும் வன்முறைக்கும் மூன்று வழிகளில் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் பால் கோல்ட்ஸ்டீன் 1985இல் பிரித்துக் காட்டினார். பொருள் மூளையில் ஏறிச் செய்யவைப்பது ஒன்று. வாங்கக் காசில்லாமல் திருடுவதும் பறிப்பதும் இரண்டாவது. விற்பவர்களுக்குள் இடத்துக்கும் கடனுக்கும் காட்டிக்கொடுத்ததற்கும் நடக்கும் சண்டை மூன்றாவது. காட்பாடி சந்திப்பில் ரயில்களில் கஞ்சா பிடிபடும் செய்தி நமக்குப் பழகிவிட்டது. ஆந்திர மலைப் பகுதியிலிருந்து வரும் பாதை அது. இந்த வியாபாரத்தில் ஏமாற்றப்பட்டவன் புகார் கொடுக்கக் காவல்நிலையம் போக முடியாது. அதனால்தான் கத்தி. கஞ்சா தொடர்பான வெட்டுக்குத்து என்று நீங்கள் படிப்பதில் இந்த மூன்றாவது வகை கணிசம்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது வேறு கதை. அது முதலில் ஏற்றுகிறவனைக் கொல்கிறது. பையன்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

தண்டனை கேட்பவர்களுக்கு: கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, பத்து முதல் இருபது ஆண்டு. நண்பன் கொடுத்த பையை என்னவென்று தெரியாமல் தூக்கி வந்தேன் என்று சொல்லலாம்; தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான் விழும்.

அப்படியானால் உண்மையான குற்றவாளி மதுதானா?

வன்முறையோடு நேரடித் தொடர்பு அதிகம் உள்ள போதைப்பொருள் எது என்றால், ஆம், மதுதான். சட்டப்படி விற்பதால் அதைப் போதைப்பொருள் என்று அழைக்கக் கூச்சப்படுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதத்தினர் அவனுடைய வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். குடிக்காத கணவன் உள்ளவர்களில் 23 சதவீதம். எழுபதைப் பார்த்துவிட்டு எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த இருபத்து மூன்றையும் பாருங்கள். துளி மது தொடாதவனும் அடிக்கிறான். மனைவியை அடிக்கலாம் என்ற எண்ணம் பாட்டிலில் வருவதில்லை.

மதுவிலக்கு வந்தால் தீருமா என்பது அடுத்த கேள்வி. அதை முதலில் பார்த்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கினார்; 1939இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்து, மீண்டும் வந்து, மீண்டும் போய், 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. இத்தனை மாற்றத்திலும் மலையில் சாராய ஊறல் போடுவது நின்றதே இல்லை. வெல்லமும் வேலம்பட்டையும் பேரலும் இன்னும் மலையேறுகின்றன, காவல்துறை ஏறிப்போய்க் கொட்டி அழித்துவிட்டு வருகிறது. கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு இருந்த காலத்தில் கடத்தல் கும்பல்கள்தான் வளர்ந்தன.

என் கருத்து, கடையின் எண்ணிக்கையையும் நேரத்தையும் இடத்தையும் குறைப்பதில் பயன் உண்டு. ஒரே நாளில் மூடுவதில் இல்லை. பகல் 12 மணிக்குத் திறக்கும் கடை வாசலில் பதினொன்றரைக்கே நிற்பவர் குற்றவாளி அல்லர், நோயாளி.

குடித்திருந்தேன், என்ன செய்தேன் என்றே தெரியாது என்றால் தண்டனை குறையுமா?

குறையாது. உங்களுக்குத் தெரியாமலோ உங்கள் விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது ஊற்றிவிட்டிருந்தால்தான் அந்தப் பேச்சு. நீங்களே காசு கொடுத்துக் குடித்திருந்தால், தெளிவாக இருந்தவனுக்கு உள்ள அறிவு உங்களுக்கும் இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

வன்முறைப் படங்களும் பாட்டுகளும்தானே பிள்ளைகளைக் கெடுக்கின்றன?

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. தந்தை ஜமதக்னியின் சொல்லைக் கேட்டுப் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டிய கதை. வெட்டுண்ட தலையைத்தான் ஊர்வலமாகத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் உடலில் பொருத்துகிறோம். லட்சக்கணக்கானோர் தேங்காய் உடைத்து, கண்கலங்கிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்த ஊர் தலைவெட்டும் ஊராகிவிடவில்லை. கதையில் வரும் ரத்தம் கேட்பவர் கையை நேராக இயக்குவதில்லை.

சினிமாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பாட்டோடு நடந்து வருவது என்ற தோரணையைத் திரை கற்றுக்கொடுக்கிறது. வெட்டுவதற்கான காரணத்தை ஊரும் வீடும் முன்பே கொடுத்துவிட்டிருக்கின்றன.

அந்தக் காரணம் என்ன? மானமா?

அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாய்த்தகராறில் நடக்கும் கொலைகள் ஏன் அதிகம் என்று நிஸ்பெட், கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒருவர் இடித்துவிட்டு வசைச்சொல் சொல்லிப் போவார். வடக்கத்தி மாணவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போனார்கள். தெற்கத்தி மாணவர்களுக்கு உடலில் அழுத்த ஹார்மோன் ஏறியது. அவமதிப்புக்குப் பதில் கொடுக்காதவன் ஆளே இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

இதைக் கேட்டதும் நம் பையன்கள் தலையாட்டுவார்கள். 'பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டான்' என்ற சொல் இல்லாத வாக்குமூலத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்தப் பத்துப் பேர் முக்கியம். தனியே திட்டியிருந்தால் பாதி வழக்குகள் பிறந்திருக்காது.

ஆனால் பண்பாடு என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்வதை 'எங்கள் வழக்கம்' என்கிறவர், அதே வழக்கத்தை மகன் வரதட்சிணை வாங்கும்போதும் நிலம் விற்கும்போதும் வசதிக்கேற்ப வளைத்துக்கொள்கிறார். மானம் எங்கே சீறும், எங்கே அடங்கிக் கிடக்கும் என்பதைச் சாதியும் ஆண்மையும் முடிவு செய்கின்றன. தன்னைவிட வலுவானவன் திட்டினால் பெரும்பாலும் காது கேட்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை என்றது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் சொன்னது. பயத்தோடு வரும் இணையர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இந்தத் தீர்ப்பைச் சொல்லியே பாதுகாப்புக் கேட்கலாம்.

1806 வேலூர்ப் புரட்சியும் வன்முறைதானே?

எந்தக் கூட்டத்திலும் ஒரு மாணவர் இதைக் கேட்டே தீருவார். கேட்கட்டும், நல்ல கேள்வி. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் எழுந்தார்கள். ஐரோப்பியர் இருநூறு பேர் வரை செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மானமும் டீக்கடை வாசல் மானமும் ஒன்றல்ல. அங்கே அவமதித்தது ஓர் ஆட்சி. புகார் கொடுக்க வேறு வாசல் அவர்களுக்கு இல்லை.

துப்பாக்கியும் போதையும் இல்லாமல் ஊரே சேர்ந்து கொல்வதை எப்படி விளக்குவீர்கள்?

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது அதுதான். கோயிலுக்கு வந்த அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று கூட்டம் அடித்துக் கொன்றது. வட மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய் வாட்ஸாப்பில் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தவர்களில் பலர் அன்று வரை யாரையும் அடித்திராத குடும்பத்தார். என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பினார்கள், கையில் கட்டையும் கல்லும் கிடைத்தன, தடுக்க வேண்டியவர்கள் படம் பிடித்தார்கள். 'முன்னனுப்பப்பட்டது' என்று வரும் செய்தியைப் பார்த்ததும் 100க்கு அழைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

குண்டர் சட்டத்தில் போட்டால் எல்லாம் அடங்கிவிடாதா?

ஓராண்டு அடங்கும். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்க அனுமதிக்கிறது. நடைமுறைப் பிழைகளால் பல உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது. அதற்குள் உள்ளே போன இருபது வயதுப் பையன் சிறையில் பெரிய ஆட்களின் அறிமுகத்தோடு வெளியே வருகிறான்.

வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு அடிக்கிறார். யாரிடம் போவது?

உடனடி ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181, எந்நேரமும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே, அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். இது தெரியாமலே பல பெண்கள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். குடியை நிறுத்த உதவிக்கு 14446. உயிரை விடத் தோன்றினால், உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ, 14416 அல்லது 104. அந்த நாள்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய உரிமம் பெற்ற துப்பாக்கி பரணில் கிடக்கிறது. என்ன செய்வது?

உரிமம் அவரோடு போய்விட்டது, துப்பாக்கி மட்டும் இருக்கிறது. தாமதித்தால் உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர் நீங்கள்தான். பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழோடு பக்கத்துக் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள். வாரிசு உரிமம் வேண்டுமானால் பிறகு மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். பரணில் தோட்டாவும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதையும் கொடுத்து ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.